பதினோரு பேருக்கான சாமான்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்த பட்டியலைப் பார்த்து கோகிலவாணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. புரட்டாசி பாதிகூட முடியவில்லை, அதற்குள் தீபாவளிச் சாமானைக் கட்டி வைக்கச் சொல்கிறதே என்று நினைத்தாள். நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், மஞ்சள்தூள், புதுத் துணி. தலைப்பில் நாற்பத்தொன்று என்று ஒரு எண். மொத்தம் பதினோரு செட். வியாழக்கிழமை காலைக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றது திரை.

சத்தி ரோட்டில் இருக்கும் ‘நித்தம்’ கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் கால் வைப்பதில்லை. உள்ளே வரிசை வரிசையாக அலமாரிகள், பை கட்டும் பெண்கள் பன்னிரண்டு பேர், பின்பக்கம் டெலிவரி வண்டிகள், அவ்வளவுதான் கடை. எந்த வீட்டுக்கு என்றைக்கு என்ன வேண்டும் என்பதை ‘முன்னோக்கு’ என்கிற புரோகிராம் இரண்டு நாள் முந்தியே சொல்லிவிடும். ஒரு வீட்டில் பால் தீர்வதற்குள் இங்கே பால் பை கட்டியாகிவிடும். அவர்கள் ஃபோனை எடுத்து ஆர்டர் போடும்போது வண்டி தெருமுனையில் நிற்கும். எதிரே இருக்கும் ஐ.டி. பார்க்கில் உட்கார்ந்து அதை எழுதியவர்களும் மாலையில் வீட்டுக்குப் போய் அது அனுப்பிய தக்காளியில்தான் ரசம் வைத்தார்கள். கடைப் பெண்கள் அந்தப் புரோகிராமுக்கு வைத்திருந்த பெயர் ‘மாமியார்’. சொன்னதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

கோகிலவாணி அந்தக் கடையின் பொறுப்பாளர். இந்த எட்டு வருடத்தில் மாமியார் சொல்லி அதிகம் தப்பியதில்லை என்பதை அவளைப்போல் அறிந்தவர்கள் கோயம்புத்தூரிலேயே குறைவு. திரையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். எள். பச்சரிசி. கற்பூரம். பன்னீர். டீத்தூள் ஒரு கிலோ. காகித டம்ளர் இருநூறு. வெள்ளைத் துண்டு. அவளுடைய சிரிப்பு நின்றுபோயிற்று.

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த பரிமளாதான் வாய்விட்டுச் சொன்னாள். பை கட்டும் பெண்களில் மூத்தவள், மனதில் பட்டதை விழுங்கத் தெரியாதவள்.

“ஏனுங்க்கா, இது எழவுச் சாமானுங்க்கா.”

“பேசாத இரு.”

“பதினோரு செட்டு போட்டிருக்குதுங். ஒரே நாள்ல பதினோரு எழவுங்களா?”

கோகிலவாணி அடுத்த பக்கத்தைத் திறந்தாள். சாமானோடு யார் யார் வாங்குவார்கள் என்பதையும் மாமியார் எப்போதும் சொல்லும். முதல் பெயர் பொங்கியண்ணன். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், நாட்டுச் சர்க்கரையில் கல் கிடக்கிறது என்று வாரா வாரம் ஃபோனில் சண்டை பிடிப்பவர். பிறகு தெரிந்ததும் தெரியாததுமாக ஏழு பெயர்கள். ஒன்பதாவது பெயர் கோகிலவாணி. அவளுடைய ஃபோன் நம்பர், அவளுடைய வீட்டு முகவரி.

பயந்துவிட்டாள். அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அங்கேயே ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து கணவனுக்கு ஃபோன் போட்டாள். தண்டபாணி லேத் பட்டறையில் இருந்தான், பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“என்ன, கேஸ் தீந்துருச்சா?” என்றான்.

“இல்லீங். உங்களுக்கு உடம்பு ஒண்ணுமில்லீல்ல? பையன் காலேஜுக்குப் போயிட்டானா?”

“போயிட்டான். எனக்கென்ன, குண்டுக்கல்லாட்டத்தான் இருக்கறேன். ஏன், என்னாச்சு?”

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். அடுத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். ஜெசிந்தா எதிர்க் கட்டடத்தில் ஆறாவது மாடியில் வேலை பார்ப்பவள். முன்னோக்கு சொல்வதற்கெல்லாம் பெயரும் விளக்கமும் எழுதுவது அவள் வேலை. தூத்துக்குடிப் பெண், முப்பது வயது இருக்கும்.

“அக்கா, நாற்பத்தொண்ணா? அது விசேஷம்க்கா” என்றாள் ஜெசிந்தா. “எந்தெந்தச் சாமான் சேர்ந்து போகுதுன்னு அது கண்டுபிடிச்சு நம்பர் போடும். பேர் வைக்கிறது நான். உள்ளூர் விசேஷம்னு வச்சிருக்கேன்.”

“என்ன விசேசம்?”

“எண்ணெய், சீயக்காய், புதுத் துணி. தீபாவளி மாதிரி ஏதோ உங்க பக்கத்து நோம்பின்னு நினைச்சேன்.”

கோகிலவாணிக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. “எண்ணெயும் சீயக்காயும் உசிரோட இருக்கறவங்களுக்கு மட்டும் தேய்க்கறதில்ல கண்ணு. கடைசியாக் குளிப்பாட்டறதுக்கும் அதேதான். எள்ளு எதுக்கு, பச்சரிசி எதுக்குன்னு யாருகிட்டயும் கேக்கலியா நீயி?”

ஜெசிந்தா மெல்லச் சொன்னாள். “எங்க வீட்டுல சாவுன்னா பெட்டியும் மெழுகுவத்தியும்தான்க்கா. எனக்குத் தெரியல.”

“சரி விடு. இந்தப் பதினோரு பேர மாமியா எதுக்குச் சொல்லுச்சு? அதப் பாத்துச் சொல்லு.”

அரை மணி நேரத்தில் ஜெசிந்தாவே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. பாத்ரூமுக்குள் நின்று பேசுகிறாள் என்பது எதிரொலியில் தெரிந்தது.

“மூணு வாரத்துக்கு முன்னாடி நம்ம மலையடிவாரக் கிளையில மூணு தடவை இந்த நாற்பத்தொண்ணு வித்திருக்குக்கா. மூணும் வேற வேற தெரு. ஆனா மூணு இடத்துலயும் அதுக்கு நாலு நாள் முன்னாடி ஒரே சாமான் போயிருக்கு. நம்ம மலைக்காளான்.”

கோகிலவாணிக்கு உடனே விளங்கிவிட்டது. புரட்டாசியில் ஊரே கறி தின்னாது. அது தெரிந்துதான் மாமியார் இந்த மாதம் முழுக்கக் காளானாகவே கட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. பண்ணைக் காளான் பற்றவில்லை. மழைக்கு மலையில் முளைத்ததைப் பறித்து வந்து யாரோ கொடுக்க, அழகான பச்சை டப்பாவில் ‘நித்தம்’ என்று பெயர் ஒட்டி விற்றார்கள். அவளுடைய கடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அறுபத்து நாலு டப்பா போனது. அவளே நின்று எண்ணி அனுப்பியது.

“கிளைக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். அந்த மூணு வீட்டுலயும் மஞ்சள் காமாலைன்னு சொல்லி எரிச்சிருக்காங்க” என்றாள் ஜெசிந்தா. “யாரும் ஒண்ணையொண்ணு சேர்த்துப் பார்க்கல. முன்னோக்கு மட்டும் சேர்த்துப் பார்த்திருக்கு. அதுக்குச் சாவுன்னா என்னன்னு தெரியாதுக்கா. இதை வாங்கினவங்க தெருவுல நாலு நாள் கழிச்சு இது விக்கும், அவ்வளவுதான் அதுக்கு. என் ஃப்ரெண்டு ஒருத்தி டாக்டர், அவகிட்ட கேட்டேன். சில காட்டுக் காளான் சாப்பிட்டா பத்து மணி நேரம் ஒண்ணுமே தெரியாதாம். அப்புறம் வாந்தி, பேதி. ரெண்டாம் நாள் தானா நின்னுடுமாம். ஆள் எந்திரிச்சு உக்காந்து சாப்பிடுவாங்களாம். அப்பதான் உள்ள கல்லீரல் செத்துட்டு இருக்குமாம்.”

“இன்னிக்குத்தான் ரெண்டாம் நாளு.”

“ஆமாக்கா. எங்க மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். நிரூபணம் இல்லாம எதுவும் பேசக் கூடாது, மூணு மணிக்கு மீட்டிங், அதுவரைக்கும் யாருக்கும் தகவல் போகக் கூடாதுன்னுட்டார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

மணி பத்தே கால். மூன்று மணிக்குக் கூட்டம் போட்டு, டீ குடித்து, முடிவெடுத்து, அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பி. கோகிலவாணிக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டியலைப் பரிமளாவிடம் கொடுத்தாள். இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஃபோன் போட்டார்கள்.

பொங்கியண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார். “காளானா? எங்கூட்ல அது ஆகவே ஆகாது அம்மிணி. அதென்னமோ தோலாட்ட இருக்கும். நீங்க அந்த நாட்டுச் சர்க்கரை விசயம் என்னாச்சுன்னு சொல்லுங்க மொதல்ல.”

இரண்டாவது வீட்டில் வாங்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் இரண்டு வாரமாக வெளியூரில் இருக்கிறார். பத்துப் பேரில் ஒருவர்கூடக் காளான் வாங்கவில்லை, ஒருவருக்கும் வயிற்று வலியில்லை. மிச்சமிருந்த ஒரே ஆளான அவளும் வாங்கவில்லை. கோகிலவாணி ஃபோனை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மாமியாருக்கு வயசாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள்.

பரிமளா சிரிக்கவில்லை.

“அக்கா, எழவு ஊட்டுக்காரங்க எப்பங்க்கா கடைக்கு வந்திருக்கறாங்க?”

கோகிலவாணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பன் செத்தன்னிக்கு எங்கூட்ல அடுப்பே பத்த வெக்கல. பக்கத்தூட்டு அக்காதான் டீத்தூளுல இருந்து எல்லாம் வாங்கிப் போட்டுச்சு. இந்தப் பதினோரு பேரும் சாகப்போறவங்க இல்லீங்க்கா. எழவு ஊட்டுக்குச் சாமான் எடுத்துப் போடறவங்க.”

கோகிலவாணி அந்தப் பெயர்களை மறுபடி பார்த்தாள். பத்துப் பேரைக் கூப்பிட்டு நலம் விசாரித்து அரை மணி நேரத்தைத் தொலைத்தாயிற்று. ஜெசிந்தாவுக்குக்கூட இது தோன்றியிருக்காது என்று சொல்லலாம். ஆனால் ஊரில் எத்தனை எழவு வீட்டுக்கு டீத்தூளும் சர்க்கரையும் தூக்கிக்கொண்டு ஓடியவள், அவளுக்குமா தோன்றாமல் போக வேண்டும்.

டெலிவரிச் சீட்டின் நகல்கள் ஒரு மாதத்துக்குக் கடையிலேயே இருக்கும். பை கட்டுகிற வேலையை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காளான் வாங்கியவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். அவர்களில் திங்கட்கிழமை வயிற்றுப்போக்கு மாத்திரையோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோ வாங்கியவர்களைத் தனியாக எடுத்தார்கள். எடுக்க எடுக்கக் கோகிலவாணி எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பதில் நின்றுவிடக் கூடாதா, பத்தில் நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது. சரியாகப் பதினொன்று வந்தது.

கடைசிச் சீட்டில் இருந்த பெயர் நாச்சிமுத்து. இரண்டு டப்பா மலைக்காளான். திங்கட்கிழமை காலை ஓ.ஆர்.எஸ். ஆறு பாக்கெட்.

நாச்சிமுத்து அவளுடைய அண்ணன். கூடப்பிறந்த ஒரே அண்ணன். ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவர் மகள் தர்ஷிகாவின் மஞ்சள் நீராட்டுச் சீருக்கு அடித்த பத்திரிகையில் தாய்மாமன், பெரியப்பன், சித்தப்பன் என்று முப்பத்திரண்டு பெயர்கள் இருந்தன, அத்தை வீட்டுக்காரர் தண்டபாணி பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அண்ணன். விட்டது தெரிந்ததும் வேறு அடித்திருக்கலாமே என்றாள் இவள். அதோடு போயிற்று. மகன் காலேஜில் சேர்ந்ததைக்கூட அவள் சொல்லியனுப்பவில்லை.

எழுந்து நின்று பெண்களிடம் சொன்னாள். “ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கங்க. ஃபோன் எடுக்கலீன்னா நேர்ல போங்க. காளான்ல வெசம் இருக்குது, இப்பவே பெரிய ஆசுபத்திரிக்குப் போகோணும்னு சொல்லுங்க. இருக்கலாம்னு சொல்லாதீங்க. இருக்கலாம்னு சொன்னா ஒருத்தரும் எந்திரிக்கமாட்டாங்க. காளான் வாங்கின மத்தவங்களுக்கும் சொல்லிருங்க.”

“வேலை போயிருமுங்களே” என்றாள் ஒருத்தி.

“எனக்கு மொதல்ல போகும். நீங்க போங்க.”

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். மணியே அடிக்கவில்லை, என்றைக்கோ தடை செய்து வைத்திருக்கிறார். அண்ணன் மனைவி சுலோச்சனாவின் ஃபோனும் அப்படியே. கோகிலவாணி ஸ்கூட்டரை எடுத்தாள். எட்டுக் கிலோமீட்டர். பாலம் கட்டுவதற்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கட்டும், இன்னும் நோவு தீராமல் இருக்கட்டும் என்று அண்ணனுக்காக வேண்டிக்கொண்டாள். நோவு இருந்தால் கிளம்பிவிடுவார். நன்றாக இருந்தால்தான் ஆபத்து.

வழியில் ஜெசிந்தா கூப்பிட்டாள். கோகிலவாணி ஓரமாக நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஆறு வருசமா எங்கண்ணனும் நானும் ஒரு மொளகாகூடக் குடுத்து வாங்கல. எம் பேர எப்படிப் போட்டுச்சு?”

“அந்தத் தகவல் அதுகிட்ட இருக்குக்கா. முன்ன அடிக்கடி அந்த முகவரிக்கு அனுப்பியிருக்கீங்க, ஒரே நாள்ல நின்னு போயிருக்கு. அப்படி நின்னு போனவங்கதான் நாற்பத்தொண்ணுல முதல் ஆளா வர்றாங்களாம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் இருக்கு.”

பதினொன்றேகாலுக்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்த சுலோச்சனாவுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “வாங்க” என்றாள்.

“அண்ணன் எங்கீங் நங்கையா?” ஆறு வருடம் கழித்து அண்ணியை அப்படிக் கூப்பிட்டாள்.

நாச்சிமுத்து கூடத்தில் உட்கார்ந்து மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் வேறு.

“வழி தெரிஞ்சு வந்துட்டயாட்ட இருக்குது” என்றார் தட்டிலிருந்து தலையெடுக்காமல்.

“ஞாயித்துக்கெழம காளான் சாப்புட்டீங்களாங்ணா?”

“அதக் கேக்கறதுக்கா ஆறு வருசங் கழிச்சு வந்திருக்கற?”

சுலோச்சனாதான் சொன்னாள். “அவரு மட்டுந்தான் சாப்புட்டாருங். எனக்கு வெரதம், தர்ஷிகா ஹாஸ்டல்ல. ராத்திரியெல்லாம் ஒரே வாந்தி, பேதி. நேத்தும் அப்படியேதான். இன்னிக்குத்தான் எந்திரிச்சு சோறு கேட்டாரு.”

“எந்திரிங்ணா. ஆசுபத்திரிக்குப் போலாம்.”

“எதுக்கு? அதுதான் நின்னு போச்சே.”

“நின்னு போனதுதானுங்ணா பயம். அந்தக் காளான்ல வெசம் இருக்குது. உள்ளுக்குள்ள ஈரலத் தின்னுட்டு இருக்கும், வெளிய ஒண்ணுந் தெரியாது. நாளானிக்கு...” அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “உங்க கடைல ஏதோ கோளாறு நடந்து போச்சு. கேஸு கீஸு வராம இருக்கறதுக்கு உன்னய அனுப்பிச்சிருக்கறானுக. ஆறு வருசமா வராதவ கம்பெனி சொன்னா வந்துருவ. நல்லா இருக்கறவனக் கொண்டி ஊசி போட்டுப் படுக்க வெக்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா? போ புள்ள, போயி வேலையப் பாரு.”

அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா இருந்த காலத்திலேயே அப்படி. கோகிலவாணி கெஞ்சினாள், அழுதாள், டாக்டரிடம் ஃபோனில் பேசச் சொன்னாள். அவர் டிவியைப் போட்டார். மணி பதினொன்றே முக்கால். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஃபோனில் அந்தப் பட்டியலை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“என்னது இது?”

“நாளானிக்கு எங்க கடைல எடுத்து வெக்கச் சொன்ன சாமானுங்ணா. படிச்சுப் பாருங்க.”

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். நல்லெண்ணெயில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக உதடு அசையப் படித்துக்கொண்டு வந்தவர் எள்ளில் நின்றார். டிவியை அணைத்தார்.

“இதுல உன்ற பேரு எதுக்குப் போட்டிருக்குது?”

“நான் வாங்குவேன்னு போட்டிருக்குது. எனக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல. வேற யாருக்குங்ணா நான் கோடித் துணி வாங்கப்போறேன்?”

சுலோச்சனா தூணைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ வந்திருப்பயா?” என்றார்.

“வந்திருப்பேன்.”

“பத்திரிகைல பேரு போடலீன்னு நின்னுக்கமாட்டயா?”

“மாட்டேனுங்ணா. ஓடி வந்திருப்பேன்.”

அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சுலோச்சனா, என்ற சட்டைய எடு” என்றார்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் அன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். பத்தாமவரைப் பரிமளா ஆட்டோவில் ஏற்றி மறுநாள் காலை கொண்டுவந்து சேர்த்தாள். பதினோராவது வீடு பூட்டிக் கிடந்தது, எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மூன்று மணிக் கூட்டத்தில் மலைக்காளானை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டதாக ஜெசிந்தா சொன்னாள். ஏன் எடுத்தார்கள் என்று யாருக்கும் ஒரு வரி அனுப்பவில்லை. கோகிலவாணியை வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் அனுப்பினார்கள்.

புதன்கிழமை பிற்பகல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நடைபாதை முழுக்க ஆட்கள். வியாழக்கிழமை தாண்டட்டும், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார். சுலோச்சனா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோகிலவாணியின் வேலை போனாலும் அவளுடைய ஃபோனில் பட்டியல் இன்னும் திறந்தது. ஜெசிந்தா அதை மூட மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று அவள் கேட்கவில்லை. மணிக்கொரு தரம் மாறும் அந்தப் பட்டியலைச் சும்மா எடுத்துப் பார்த்தாள்.

ஒன்பதாவது இடத்தில் அவள் பெயர் இல்லை.

பதறிப்போய்த் தேடினாள். பதினேழாம் எண்ணுக்குக் கீழே இருந்தது. ஆரோரூட் மாவு, குளுக்கோஸ், ரொட்டி, சாத்துக்குடி, இரண்டு வாரத்துக்கு. ஜெசிந்தா அதற்கு வைத்திருந்த பெயர் ‘நோயாளிப் பத்தியம்’. எட்டு வருடமாக அதிகம் தப்பாத மாமியார் சொல்கிறது. அண்ணன் வீட்டுக்கு வரப்போகிறார், இரண்டு வாரம் கஞ்சி குடிக்கப்போகிறார். கோகிலவாணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சுலோச்சனாவின் தோளைப் பிடித்து உலுக்கி, “பொழச்சுக்குவாருங் நங்கையா, பேரு மாறிருச்சு” என்றாள். சுலோச்சனா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கேண்டீனிலிருந்து வாங்கி வைத்திருந்த இட்லியைப் பிரித்துத் தின்றாள்.

நடைபாதையில் விஷயம் பரவுவதற்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. பொங்கியண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். காளான் ஆகாது என்று சொன்னவர்தான். அவருடைய ஒரே மகள் மைதிலி உள்ளே கிடந்தாள். ஐ.டி. பார்க்கில் வேலை, முப்பத்தெட்டு வயது, இரண்டு குழந்தைகள்.

“அம்மிணி, அதுல என்ற பேரு எங்க நிக்குதுங்?”

கோகிலவாணி பார்த்தாள். நாற்பத்தொன்று. பட்டியலில் முதல் பெயராக அப்படியே இருந்தது. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி. அவள் தலைநிமிர்ந்தபோது அந்த மனிதரின் கண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது.

“மாறிருச்சுங் சார். உங்களதும் பதினேழுக்கு வந்துருச்சுங்.”

“நெசமாலுமா?”

“நெசந்தானுங்.”

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பதினேழுன்னா என்னென்ன வாங்கோணும்? சொல்லு அம்மிணி, இப்பவே போட்டர்றேன்.” அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஃபோனில் எல்லாவற்றையும் ஆர்டர் போட்டார். சாத்துக்குடி மட்டும் மூன்று கிலோ. சர்க்கரை விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியிடம் சொல்லப் போனார்.

பொய் சொன்ன நாக்கு அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பட்டியலை மறுபடி எடுத்தாள். நாற்பத்தொன்றில் பொங்கியண்ணன் பெயர் இல்லை. பதினேழாம் எண்ணில், அவள் பெயருக்கு அடுத்தபடி இருந்தது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னோம், பலித்துவிட்டது என்று இருந்தது. பிறகுதான் யோசித்தாள். இந்த ஒரு மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ்கூட வெளியே வரவில்லை. மைதிலிக்கு நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. மாறியது ஒன்றுதான். அவள் சொன்ன பொய்யை நம்பி அந்தக் கிழவர் ஆரோரூட்டும் சாத்துக்குடியும் வாங்கியிருக்கிறார்.

கோகிலவாணி தன்னுடைய ஆர்டர்களைத் திறந்து பார்த்தாள். காலை ஏழு மணிக்கு, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் என்கிற தவிப்பில், ஆரோரூட் அரைக் கிலோவும் குளுக்கோஸ் இரண்டு டப்பாவும் அண்ணன் வீட்டு முகவரிக்குப் போட்டிருந்தாள். அவள் பெயர் மாறியது அதனால்தான். மாமியாருக்கு நாச்சிமுத்துவின் ஈரலைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தங்கை கஞ்சி மாவு வாங்கினாள் என்பது தெரியும், அவ்வளவுதான் தெரியும்.

எதிரே சுலோச்சனா இரண்டாவது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நடைபாதைக் கோடியில் பொங்கியண்ணன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். இரண்டு பேரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள். எழுந்திருக்கத்தான் தைரியம் வரவில்லை.

கதவு திறந்தது.

“நாச்சிமுத்து ஆளுங்க யாருங்க?” என்றாள் நர்ஸ். “டாக்டர் கூப்புடறாரு.”

சுலோச்சனா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. “வாங்க போலாம். நீங்கதான் முன்னாலயே சொல்லிப்போட்டீங்களே” என்றாள்.

நர்ஸ் கோகிலவாணியைப் பார்த்தாள். “நீங்க அவருக்கு என்ன வேணுங்க?”

“தங்கச்சிங்க” என்றாள் கோகிலவாணி. ஃபோனை நாற்காலியிலேயே போட்டுவிட்டு, அண்ணன் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.